ஆமா சொல்லாத எடம்

உக்காருங்க தம்பி, பெஞ்சு சும்மாதான் கெடக்கு. இந்தப் பைய நகத்தி வச்சிருதேன். பயப்படாதிய, உள்ள ஒண்ணுமில்ல, ஒரு ஜோடி வீசுகோலு. வில்லுப்பாட்டுல வில்ல அடிப்போம்லா, அந்தக் கோலு. எங்க போனாலும் கூடவே வரும். வாசல்ல போலீஸ்காரரு எடுத்துப் பாத்துட்டு, "இதென்னம்மா, கோர்ட்டுக்குள்ள யார அடிக்கப் போற?"ன்னு கேட்டாரு. "அடிக்க வேண்டியவள அடிச்சு ஓஞ்சாச்சு அய்யா"ன்னேன். அவரு சிரிச்சிட்டு உள்ள விட்டுட்டாரு.

நீங்களும் சமரசத்துக்குத்தான வந்திருக்கிய? எதிர் பெஞ்சுல கட்டம் போட்ட சட்டையோட போன நோண்டிக்கிட்டு இருக்காரே, அவருதான ஒங்க எதிர்பார்ட்டி? எப்படித் தெரியும்னு கேக்கியளா. வந்ததுலேருந்து ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கதுக்கு ரெண்டு பேரும் எவ்வளவு பாடுபடுதிய. சம்பந்தமில்லாத ஆளுன்னா ஒரு தடவையாவது பாத்திருப்பியளே.

மெல்லிசைக் குழுவா? சரிதான். குழுப் பேரு யாருக்குன்னு வழக்கா. அவரு கீபோர்டு, நீங்க பாட்டு. எத்தன வருஷம்? பதினாறா. ம்.

எனக்கு இன்னிக்கு நம்பர் கெடையாது. என்னைய யாரும் கூப்பிட மாட்டாவ. நாலு புதன்கிழமையா வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துட்டுப் போறேன். எங்க ஒப்பந்தப் பேப்பர்ல ஒரு வரி சேக்கணும். ஒரே ஒரு வரி. ஆபீஸ்ல இருக்க அந்தக் கண்ணாடி போட்ட பிள்ள நல்ல பிள்ளதான், குத்தம் சொல்லக்கூடாது. ஆனா, "ரெண்டு பார்ட்டியும் வந்து கையெழுத்துப் போட்டாத்தான்மா மாத்த முடியும்"ங்கா. ரெண்டாவது பார்ட்டிய நான் எங்க போயிக் கூட்டிட்டு வர? அவ செத்து அஞ்சு மாசமாச்சு.

எம்பேரு ஆவுடைத்தங்கம். ஆவுடைத்தங்கம் வில்லிசைக் குழுன்னு நோட்டீசுல பாத்திருப்பிய. பாத்ததில்லையா? சரி, ஒங்களுக்குச் சினிமாப் பாட்டு. இந்தப் பக்கம் திருச்செந்தூர்லேருந்து நாசரேத், சாத்தான்குளம் வரைக்கும் எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பொம்பள வில்லு எடுத்தா சாமி கோவிச்சுக்கிடும்னு சொன்ன ஊருலயே எட்டு வருஷம் தொடந்தாப்புல பாடியிருக்கேன். பெருமைக்குச் சொல்லல. நெசத்தச் சொல்லுதேன்.

அவ பேரு சுயம்புக்கனி. நாங்க சுயம்பும்போம். எனக்குப் பின்பாட்டு. பின்பாட்டுன்னா என்னன்னு ஒங்களுக்குச் சொல்லணும்லா. நான் நடுவுல வில்லுக்கு முன்னால இருப்பேன். எடப்பக்கம் அவ, கையில தாளத்தோட. நான் ஒரு வரி எடுப்பேன். அவ "ஆமா"ம்பா. அடுத்த வரி எடுப்பேன். "ஆமா"ம்பா. ராசா வேட்டைக்குப் போனான். ஆமா. காட்டுல வழி தப்பிப் போனான். ஆமா. இப்படித்தான் கதை நடக்கும். முப்பத்தொரு வருஷம் எனக்கு ஆமா சொன்னா. வரும்போது பத்தொம்பது வயசு அவளுக்கு. தாளம் பிடிக்கக்கூடத் தெரியாது. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்.

சும்மா ஆமாதானன்னு நெனைக்காதிய. எனக்கு வரி மறந்துட்டுன்னு வைங்க, அவளுக்கு எப்படித் தெரியுமோ தெரியாது, அந்த ஆமாவ இழுப்பா பாருங்க, நான் யோசிச்சு எடுக்க வரைக்கும் இழுத்துக்கிட்டே இருப்பா. கூட்டம் கண்ணசந்தா வெட்டுனாப்புல ஒரு ஆமா. எங்க வீட்டுக்காரர் தவறிப்போயி பதினேழாம் நாளு நான் மேடையேறினேன், ஒத்துக்கிட்ட கொடை, விட முடியல. அன்னிக்கு ஒவ்வொரு வரிக்கும் அவ ஆமா சொன்னது இன்னும் என் காதுல கெடக்கு. முதுகத் தடவிக் குடுத்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

சும்மா ஆமாதான்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்தது நான்தான். அத அப்புறம் சொல்லுதேன்.

வழக்கு வந்தது வெள்ளைக்கண்ணி கதையால. பழைய கதையெல்லாம் பாட்டன் முப்பாட்டன் பாடுனது, அது யாருக்கும் சொந்தமில்ல. வெள்ளைக்கண்ணி நான் கட்டுனது. உப்பளத்துல உப்பு வாருத ஒரு பொம்பள. வெயில்ல வெள்ள உப்பப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போகுது. சின்ன மகள முன்னால நடக்க விட்டு, அவ கொரலப் பிடிச்சுக்கிட்டுதான் வரப்புல நடப்பா. அம்மை பேசிக்கிட்டே வருவா, பிள்ள "ம், ஆமா"ன்னு சொல்லிக்கிட்டே போவும். அந்தச் சத்தம் வார பக்கம் கால வைப்பா. ஒருநாள் மழத்தண்ணி பெருகி வருது, அம்மை கூப்பிடுதா, பிள்ளையிட்டருந்து பதில் இல்ல. கூப்பிட்டுக்கிட்டே அளத்துக்குள்ள நடந்து போறா. போனவ திரும்பல. பொறவு தெய்வமா நிக்கா. இதுதான் கதை.

எப்படிக் கட்டுனேன்னு கேளுங்க. பூராவும் பஸ்சுலதான். கொடைக்குப் போற பஸ்சு, வார பஸ்சு. சன்னலோரம் நான், பக்கத்துல சுயம்பு. நான் ஒரு வரி மெதுவாச் சொல்லிப் பாப்பேன். அவ ஆமாம்பா. சட்டுனு ஆமா வந்துட்டா வரி நல்லாருக்குன்னு அர்த்தம், வச்சுக்கிடுவேன். ஆமா கொஞ்சம் லேட்டா வந்தா, எங்கயோ இடிக்குதுன்னு மாத்திருவேன். சில வரிக்கு ஆமாவே வராது. சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருப்பா. அந்த வரியத் தூக்கி எறிஞ்சிருவேன். ஒன்றர வருஷம் இப்படியே கட்டுனேன். அவ ஒரு வரி சொன்னது கெடையாது, சாமி சத்தியமா. எல்லா வரியும் என் வாயிலேருந்து வந்ததுதான்.

அவ அம்மை சங்கதி கொஞ்சம் அதுல உண்டு, இல்லன்னு சொல்லல. அவ அம்மைக்கு அளத்துலதான் கண்ணு போச்சு. சீனியம்மான்னு பேரு. உப்பளத்துல கெடந்து செத்தவளுக்குப் பேரப் பாருங்க. சின்னப் பிள்ளையில சுயம்புதான் முன்னால நடப்பாளாம், ஆமா சொல்லிக்கிட்டே. அத ஒருநாள் பஸ்சுல வச்சு அவ எங்கிட்ட சொன்னா. நான் கேட்டேன், அவ சொன்னா. பத்துப் பேரு பத்துச் சங்கதி சொல்லுதாவ, அதெல்லாம் கதையாயிருமா தம்பி? கதையாக்குறதுக்குன்னு ஒரு ஆளு வேணும்லா?

அதுல ஒரு எடம் வரும். அந்த அம்மை பிள்ளைய 'மக்களே'ன்னு கூப்பிடுத எடம். மூணு வரி.

"மக்களே, நீ முன்னால போறியா?
வரப்பு வளையுதே, எப்பக்கம் நான் வைக்க?
மக்களே, உங்கம்மை கூப்பிடுதேன்."

மொதல்ல அந்த மூணு வரிக்கும் ஆமா உண்டு, மத்த வரிக்கு மாதிரிதான். ஏரல் பக்கம் ஒரு ஊர்ல மதியக் கொடை. பந்தலுக்கடியில எரநூறு பேரு. நான் மொத வரி எடுத்தேன், ஆமா வரல. திரும்பிப் பாத்தேன். அவ தாளத்த மடியில வச்சுட்டுக் குனிஞ்சு இருக்கா. ரெண்டாவது வரி, வரல. எனக்குக் கொதிச்சுப் போச்சு. மூணாவது வரியும் எடுத்துட்டேன், அதுக்கும் இல்ல. அடுத்தாப்புல எப்படிப் போகன்னு தெரியாம நான் முழிக்கேன், முன்னால ஒரு விம்மல் சத்தம். பாத்தா, வெத்தல போட்டுக்கிட்டு இருந்த பொம்பளையளெல்லாம் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதாவ.

வேன்ல வரும்போது ஏசுனேன். "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"ன்னு. அவ சொன்னா, "எக்கா, அந்த எடத்துல பதில் வந்துட்டா, அப்புறம் கதை எதுக்கு?" அவ்வளவுதான். அன்னையிலேருந்து அந்த எடத்துல ஆமா கெடையாது. அப்படியே வச்சுக்கிடலாம்னு முடிவு பண்ணுனது நான்தான். வழக்குலயும் அதத்தான் சொன்னேன்.

தண்ணி குடிக்கியளா? இல்ல, சும்மா கேட்டேன்.

பொறவு மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வந்தாரு. கதையப் புஸ்தகமாப் போடணும்னு. ஆறு மாசத்துல புஸ்தகம் வந்துட்டு. நல்ல கெட்டி அட்டை, மேல என் போட்டோ. 'கதையும் பாட்டும்: ஆவுடைத்தங்கம்'. பத்தாங்கிளாசு தாண்டாத கழுதை நான், எம்பேரு அச்சுல. அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. சுயம்பு அந்தப் புஸ்தகத்த வாங்கி ஒவ்வொரு தாளாப் புரட்டுனா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. கடைசித் தாள்ல ஒரு குழுப் படம், 'குழுவினருடன்'னு கீழ போட்டிருக்கு. அதையும் பாத்தா. மூடி வச்சுட்டு, "எக்கா, எங்கம்மை பேரு எங்கயாவது இருக்கா?"ன்னு கேட்டா.

அவ தனக்குத்தான் கேக்கான்னு நெனைச்சேன் தம்பி. அம்மைய முன்னால விட்டுட்டுப் பின்னால இவ நிக்கான்னு நெனைச்சேன். குடம் அடிக்கவரு, ஆர்மோனியம் அருணாசலம், எல்லாரும் இருக்காவ. எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். "ஆமா போடுதவளுக்கெல்லாம் கதையில பங்கு குடுத்தா, குடம் அடிக்கவருக்கு என்னட்டி குடுக்க?" சிரிச்சாவ. அருணாசலம் மட்டும் சிரிக்கல. சுயம்பு தாளத்த எடுத்துத் துணியில சுத்துனா, பையில வச்சா, போயிட்டா.

திரும்ப வருவான்னு இருந்தேன். எங்க போவா? எனக்கு ஆமா சொல்லத்தான அவளுக்குத் தெரியும். மூணு மாசம் கழிச்சு ஒரு வீடியோ போன்ல வருது. ஒரு அம்மன் கோயில்ல, வேற குழுவோட, சுயம்பு நடுவுல உக்காந்து வெள்ளைக்கண்ணி பாடுதா! எடப்பக்கமே இருந்தவ, நடுவுல. கோல ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, வில்லு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. ஆனா பாட்டுக்கு முன்னால சொல்லுதா, "இது எங்கம்மை சீனியம்மா கதை"ன்னு. அவ்வளவுதான். மறுநாள் காலையில வக்கீல் வீட்டுல நின்னேன். என் கதைய என் அனுமதி இல்லாம பாடுதான்னு கேசு. அதுலதான் எழுதிக் குடுத்தேன், 'எதிர்மனுதாரரின் வேலை ஆமா என்று சொல்வது மட்டுமே'ன்னு. வக்கீல் எழுதுனாரு. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜட்ஜய்யா ரெண்டு பேரையும் பாத்துட்டு, "ஒண்ணா மேடையில உக்காந்தவங்க, ஒண்ணா ஒரு ரூம்ல உக்காந்து பேசுங்களேன்"னு இங்க அனுப்பிட்டாரு. அந்தா தெரியுதே ரெண்டாவது கதவு, அந்த ரூம்தான். வட்ட மேசை. தண்ணி பாட்டில். சமரசம் பேசி வைக்க மேடம் நல்ல மாதிரி, அவியளும் வக்கீல்தான். வணக்கம் சொல்லிட்டுச் சொன்னாவ, "நான் ஜட்ஜ் இல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இங்க பேசுறது இந்த ரூமை விட்டு வெளியே போகாது. ஒரே ஒரு விதி. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக்கூடாது." ஒங்ககிட்டயும் சொல்லுவாவ, பாருங்க.

மேசைக்கு அந்தப் பக்கம் சுயம்பு. தம்பி, முப்பத்தொரு வருஷம் பக்கத்துல உக்காந்தவ. அவளுக்கு எதுக்க உக்காந்து அவ மூஞ்சிய நான் பாத்தது அன்னிக்குத்தான். கன்னத்துல ஒரு மச்சம் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது.

மொதல்ல நான் பேசணும், கேசு போட்டது நான்ல்லா. ஆரம்பிச்சேன். "இந்தக் கதைய நான் ஒன்றர வருஷம் கஷ்டப்பட்டுக் கட்டுனேன்"னேன். எதுத்த பக்கத்துலேருந்து, "ஆமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவளுக்கும்தான். அவ வக்கீல் அவள மொறைச்சாரு. நான் அடுத்ததச் சொன்னேன். "இவளத் தாளம் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்." "ஆமா." மேடம் சிரிச்சுக்கிட்டே, "குறுக்க பேசாதீங்கம்மா"ன்னாவ. சுயம்பு பதறிப் போயி, "மன்னிச்சுக்கிடுங்கம்மா, அது தானா வருது"ன்னு முந்தானைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டா. பொத்துனா என்ன, தொண்டைக்குள்ள கேக்குதே. நான் ஒவ்வொண்ணாச் சொல்லுதேன், அவளத் திட்டித்தான் சொல்லுதேன், நன்றி கெட்டவன்னுகூடச் சொன்னேன், முந்தானைக்குள்ளேருந்து "ம்... ம்..."னு வருது. அன்னிக்கு நான் எப்படிப் பேசுனேன் தெரியுமா. தடங்கலே இல்ல. வக்கீல் வெளிய வந்து, "பிரமாதம்மா"ன்னாரு. பேசத்தான் செய்வேன், பின்பாட்டு இருந்துச்சுல்லா.

சிரிக்கியளா? சிரிங்க. இப்ப அவரு ஒரு தடவ இருமுனாரு, ஒங்க கை தண்ணி பாட்டிலுக்குப் போச்சு. நான் பாத்தேன். பாட்டிலத் தொட்டுட்டுக் கைய எடுத்துட்டிய.

பொறவு அவ முறை. மேடம், "சொல்லுங்கம்மா, நேரம் இருக்கு"ன்னாவ. சுயம்பு முந்தானைய எடுத்துட்டு நிமிந்தா. "எங்கம்மைக்குக் கண்ணு தெரியாது"ன்னா. நிறுத்துனா.

எல்லாரும் அவ யோசிக்கான்னு நெனைச்சாவ. அவ யோசிக்கல தம்பி. அவ காத்துக்கிட்டு இருந்தா. முப்பத்தொரு வருஷம் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல ஒரு ஆமா கேட்டே பழகுனவ. அந்த ஆமா அவளே சொன்னதா இருந்தா என்ன. அது வந்தாத்தான் அடுத்த வரிக்கு அவளுக்கு வழி தெரியும். என்னையப் பாத்தா.

"நான்தான் முன்னால நடப்பேன்"னா. நிறுத்துனா. என்னையப் பாத்தா.

எனக்குத் தெரியும். அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும். மேடத்துக்குத் தெரியாது, வக்கீலுக்கெல்லாம் என்ன தெரியும். ஆனா குறுக்க பேசக்கூடாதுன்னு விதி சொல்லியிருக்காவல்லா. எங்க வக்கீல் வேற உள்ள வரும்போதே காதுல சொல்லியிருந்தாரு, "அவங்க பேசும்போது தலையக்கூட ஆட்டிராதீங்க, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்"னு. நான் மேல ஓடுத காத்தாடியப் பாத்தேன். மூணு றெக்கை. ஒண்ணுல ஒட்டடை தொங்குது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

"அந்தக் கதையில எங்கம்மை இருக்கா எக்கா"ன்னா. இந்தத் தடவ மேடத்துக்கிட்டச் சொல்லல, எங்கிட்டயே சொன்னா. நிறுத்துனா. ரொம்ப நேரம் நிறுத்துனா. காத்தாடி சத்தம்தான் கேக்குது. அப்புறம் கையக் கூப்பி, "அவ்வளவுதாம்மா. அக்கா சொன்னதையே எழுதிக்கோங்க"ன்னுட்டா.

மூணு வரி தம்பி. எண்ணிப் பாத்தியளா? நான் அன்னிக்கு எண்ணல. விதிப்படிதான் இருந்தேன். நான் ஒண்ணும் தப்பாப் பேசல. பேசவே இல்ல.

மேடம் விடல, அதையும் சொல்லணும். எங்கள வெளிய அனுப்பிட்டு அவள மட்டும் தனியா வச்சுப் பேசுனாவ. இருவது நிமிசம். நான் இதே பெஞ்சுல இருந்தேன். அவ உள்ள என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. போன வாரம் மேடத்தப் பிடிச்சுக் கேட்டேன். "தனியாச் சொன்னது ரகசியம்மா"ன்னாவ. "அவதான் செத்துட்டாளேம்மா"ன்னேன். "அப்பவும் ரகசியம்தான்"னாவ. என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாவ, ஆனா சொல்லல.

ஒப்பந்தம் ஆச்சு. வெள்ளைக்கண்ணி எனக்கு. சுயம்பு அதப் பாடக்கூடாது, மத்த கதையெல்லாம் பாடிக்கிடலாம். ஒருத்தரப் பத்தி ஒருத்தர் வெளிய தப்பாப் பேசக்கூடாது. "மனசார ஒத்துக்கிடுதீங்களா?"ன்னு மேடம் அவளிட்ட ரெண்டு தடவ கேட்டாவ. ரெண்டு தடவையும் ஆமான்னா. கையெழுத்துப் போட்டோம்.

வெளிய வந்து பாக்கேன், என் பையக் காணோம். சுயம்பு தோள்ல கெடக்கு. கோலு வச்சிருக்க இந்தப் பைதான். முப்பத்தொரு வருஷமா அவதான் தூக்குவா, பழக்கத்துல எடுத்துப் போட்டுக்கிட்டா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அப்படியே நடந்தோம். அவ பஸ்சு மொதல்ல வந்துச்சு. ஏறப் போனவ நின்னு பாத்தா, தோள்ல என் பை. கழத்தி எங்கையில குடுத்துட்டு, "வாரேன்க்கா"ன்னா. வாரேன்னுதான் சொன்னா.

பொறவு அவ எங்கயும் பாடல. மத்த கதையும் பாடல. நான் ஒரு பிள்ளையப் பின்பாட்டுக்குச் சேத்தேன். காலேசு படிச்ச பிள்ள, கொரலு கணீர்னு இருக்கும், சுயம்பவிட நல்ல கொரலு. சொல்லி வச்சாப்புல தாளத்துல ஆமா விழும். நல்ல வரிக்கும் ஆமா, கெட்ட வரிக்கும் ஆமா. நான் என்ன பாடுதேன்னு எனக்கே தெரியல தம்பி. அந்த மூணு வரி எடத்துல அது வாய மூடிக்கிட்டு விரல மடக்கி எண்ணிக்கிட்டு இருக்கு, எப்ப முடியும்னு. கூட்டத்துல ஒருத்தரும் அழல. ரெண்டு வருஷமா நான் புதுசா ஒரு வரி கட்டல. சொல்லிப் பாக்க ஆளில்ல.

மஞ்சக் காமாலை முத்திப் போச்சாம். எனக்கு யாரும் சொல்லல. அடக்கம் முடிஞ்சப்புறம்தான் அருணாசலம் போன் போட்டாரு. மூணாம் நாள் போனேன். அவ மக சந்தனம் வாசல்ல நிக்கா. ஏசுவா, வெளிய போன்னுவான்னு நெனைச்சுக்கிட்டுத்தான் போனேன். ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். "வாங்க பெரியம்மா"ன்னு பாய விரிச்சா. காப்பி குடுத்தா.

அவ சொன்னா. மதியம் ஆனா அம்மை போனக் கேப்பாளாம். நம்ம பழைய நிகழ்ச்சி யாரோ பிடிச்சது அதுல இருக்கு, வெள்ளைக்கண்ணி முழுசும். அதப் போட்டுத் தலமாட்டுல வச்சுக்கிட்டு, அதுல அவளே சொல்லுத ஆமாவோட சேந்து மறுபடியும் சொல்லுவாளாம். "ஆனா பெரியம்மா, ஒரு எடத்துல மூணு வரிக்கு ஆமா வராதுல்ல. போன்ல அம்மா சத்தமே இருக்காதுல்ல. அந்த எடத்துலயும் அம்மா சொல்லுவா. மெதுவாச் சொல்லுவா. ஆமா, ஆமா, ஆமான்னு. கடைசி ரெண்டு நாள் பேச்சு நின்னுட்டு. அந்த எடம் வரும்போது மட்டும் சத்தம் வந்துச்சு."

குடிச்சுக்கிட்டிருந்த காப்பியக் கீழ வச்சேன்.

சுயம்பு அவ அம்மைக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா? பாடுத கொரலு என்னுதுதான, கூப்பிடுத கொரலு என்னுதுதான. எனக்கும் சொல்லியிருப்பா. சொல்லியிருப்பாளா? ஒங்களுக்கு என்ன தெரியும், நீங்க பாவம்.

அதான் அந்த ஒரு வரி. 'இது சுயம்புக்கனியின் தாயார் சீனியம்மாளின் கதை'ன்னு ஒப்பந்தத்துல சேக்கணும். சந்தனத்துக்கிட்டக் கேட்டேன், வாரிசுன்னு அவ வந்து கையெழுத்துப் போட்டாப் போதுமாம். மாட்டேன்னுட்டா. "அம்மா போட்ட கையெழுத்த நான் மாத்த மாட்டேன் பெரியம்மா. பேப்பர் எதுக்கு? நீங்க மேடையில சொல்லுங்களேன், யாரு தடுக்கா?"ங்கா. மேடையில சொல்லலாம்தான். அவ மக சின்னப் பிள்ள, அவளுக்குத் தெரியாது. பேப்பர்ல இருந்தாத்தான ஒரு மதிப்பு. இப்பப் பங்குனி முழுக்கக் கொடைதான், எட்டு எடத்துல பாடியாச்சு. ஒவ்வொரு எடத்துலயும் சொல்லணும்னுதான் வாயத் தொறக்கேன். சொல்லிட்டு நிறுத்தணும்ல்லா. நிறுத்துனா அந்த எடத்துல யாரு ஆமா சொல்லுவா?

இல்ல தம்பி, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. ஆமா, அழுதுட்டுத்தான் இருக்கேன், தூசின்னு எதுக்குச் சொல்லணும்.

ஒங்க நம்பர்தான கூப்பிடுதாவ? எந்திரிங்க. அவரும் எந்திரிச்சுட்டாரு பாருங்க. நிக்காரு, நீங்க முன்னால போவியன்னு. பதினாறு வருசமா மேடைக்கு யாரு முன்னால போவிய? நீங்கதான? அப்ப போங்க.

இருங்க, ஒண்ணு கேளுங்க. உள்ள அவரு பேசும்போது ஒரு எடத்துல நிறுத்துவாரு. எந்த எடம்னு வக்கீலுக்குத் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அவரு எப்ப மூச்சு விடுவாருன்னு தெரியும்லா ஒங்களுக்கு. அங்க ஒரு 'ம்' கொட்டுங்க. ஒத்துக்கிட்டதா ஆகாது. குறுக்க பேசக்கூடாதுன்னு மேடம் சொல்லுவாவ. சொன்னாச் சொல்லட்டும். கொட்டுங்க.

பையத் தாங்க, நீங்க எதுக்குத் தூக்கிக்கிட்டு நிக்கிய, அது என் பை. நான் இங்கதான் இருப்பேன், எனக்குத்தான் நம்பரே கெடையாதே. முடிஞ்சதும் இங்க வந்து உக்காந்து, என்ன நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன். ஆமா மட்டும் சொல்லுதேன்.